நீலக் குடத்துக்கு என்ன அர்த்தம்?

நான் படம் பார்க்கக் கற்றுக்கொண்டது பேருந்தில்தான்.

வீடு சங்கரன்கோவிலில், அலுவலகம் குருவிகுளம் பக்கம். போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். பல வருடங்களாக அந்த ஒன்றரை மணி நேரத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்தே கழித்தேன். மக்காச்சோளம், உளுந்து, காற்றாலை, திரும்பவும் மக்காச்சோளம். திருநெல்வேலியில் கல்லூரியில் படிக்கும் மகள் ஒரு விடுமுறைக்கு வந்தபோது என் போனை வாங்கி என்னவோ செய்து, காதில் மாட்டும் வயரையும் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். "சும்மா வெளிய பாத்துட்டே போறதுக்கு இதுல ஒரு படமாச்சும் பாரும்மா."

முதலில் கண்ணில் பட்டது ஒரு துப்பறியும் படம். தமிழில் குரல் கொடுத்த வெளிநாட்டுப் படம். மழை விடாமல் பெய்யும் ஒரு ஊர், காணாமல் போன ஒரு பெண், அவளைத் தேடும் ஒரு இன்ஸ்பெக்டர். அவர் ஒரு வீட்டின் பின்பக்கக் கதவில் கை வைக்கிறார். என் நிறுத்தம் வந்துவிட்டது. போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

அன்று நாள் முழுக்க அந்தக் கதவு திறக்கவில்லை. கோப்புகளைப் பிரிக்கிறேன், முத்திரை குத்துகிறேன், மனது கதவுக்கு முன்னால் நிற்கிறது. உள்ளே யார் இருப்பார்கள் என்று யோசிக்க எனக்கு எட்டு மணி நேரம் இருந்தது. தியேட்டரில் பார்க்கிறவர்களுக்கு எட்டு நொடிகூடக் கிடைக்காது. அந்த யோசனையில்தான் ஒன்று தட்டுப்பட்டது. அந்தப் படத்தில் பொய் சொல்கிறவர்கள் எல்லோரும் தண்ணீர் குடிக்கிறார்கள். கடைக்காரர் பொய் சொன்னார், பாட்டிலைத் திறந்தார். பெண்ணின் சித்தப்பா பொய் சொன்னார், சமையலறைக் குழாயில் வாயை வைத்தார். வெளியே அத்தனை மழை, உள்ளே எல்லோருக்கும் தொண்டை வறண்டு கிடக்கிறது.

மாலைப் பயணத்தில் கதவு திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. எனக்கு அதில் ஏமாற்றமும் இல்லை. யார் தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டரின் உதவியாளர், நல்ல மனிதர், எல்லோருக்கும் ஓடி ஓடி வேலை செய்கிறவர், நான்கு தடவை குடித்தார்.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். "அந்த உதவி போலீஸ்காரன்தான் கொலைகாரன்."

அவர் விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரி. நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நிற்கிறவர். எந்தப் படம் போட்டாலும் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவார். "எப்படிச் சொல்லுத?"

"நாலு தடவ தண்ணி குடிச்சான்."

"போலீஸ்காரன்னா தாகம் எடுக்காதாட்டி?"

மறுநாள் காலைப் பயணத்தில் அந்த உதவியாளரே மாட்டிக்கொண்டார். பேருந்தில் எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் சொல்ல ஆளில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது, "குருட்டாம்போக்குல அடிச்சிருப்ப" என்று கணவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. படத்தை எடுத்தவர் ஒவ்வொரு டம்ளரையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார், நான் அதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அன்றிலிருந்து ஒரு பெருமை பிடித்துக்கொண்டது. நாற்பத்தைந்து வயதில் வந்த பெருமை. சின்ன வயதில் வந்திருந்தால் இவ்வளவு ஆட்டம் போட்டிருக்க மாட்டேன்.

பக்கத்தில் ஆள் கிடைத்தது அடுத்த படத்தில். மூன்றாவது நாள், ஜன்னலோரம் நான், அருகில் முப்பத்தைந்து வயதுப் பெண். வெளிர் நீலத்தில் தலைமுக்காடு, மடியில் சாப்பாட்டுப் பை. என் தோளைத் தட்டினாள்.

"அக்கா, அந்தாளு செத்துட்டானா?"

காதிலிருந்த வயரை எடுத்தேன். "எந்தாளு?"

"தொப்பி போட்டிருந்தானே, அந்த டாக்டரு. மூணு நாளா உங்க தோள் பக்கமிருந்து பாக்கேன். சத்தம் கேக்காததால நானே ஒரு கதை கட்டி வச்சிருக்கேன். சரியான்னு தெரியணும்."

"அவன் டாக்டர் இல்ல. திருடன்."

"அல்லாவே! நான் அவனைத் தங்கமான மனுசன்னு நெனச்சுட்டிருக்கேன்."

வயரின் ஒரு முனையை அவளிடம் கொடுத்தேன். அன்றிலிருந்து வலது காது எனக்கு, இடது காது அவளுக்கு.

அவள் பிறந்தது கடையநல்லூர். எனக்கு இரண்டு நிறுத்தங்களுக்கு முன்னால் இறங்கி, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. கணவர் சவூதியில் ஏசி மெக்கானிக். சங்கரன்கோவிலில் மாமியாரோடும் ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளோடும் வாடகைக்கு இருந்தாள். இவ்வளவையும் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டாள். அதில் எந்த வருத்தமும் தெரியவில்லை. அன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்வதைப்போலச் சொன்னாள்.

என் அர்த்தம் தேடும் வேலை அவளிடம் எடுபடவில்லை. தண்ணீர் குடித்த கதையை நான் பெருமையாகச் சொன்னபோது சிரித்தாள். "வெறும் கதைதான்க்கா. பொழுது போகணும்னு எடுத்து வச்சிருக்கான். நீங்க என்னடான்னா கணக்குப் பரீட்சை எழுதுதீய."

அவளுக்கு நிரூபித்துக் காட்டியே ஆக வேண்டும் என்று எனக்கு வெறி. அடுத்து வந்த படத்தில் மஞ்சள் உடை போடுகிறவர்கள் சாகிறார்கள் என்று முதல் நாளே அறிவித்தேன். இரண்டு பேர் மஞ்சளில் வந்தார்கள், இரண்டு பேரும் போனார்கள். மூன்றாவதாக ஒரு மஞ்சள் சட்டைக்காரி வந்ததும், "இவளும் போயிட்டான்னு வையி" என்று ஒரு பொட்டலம் காராச்சேவு பந்தயம் கட்டினேன். அந்த மஞ்சள் சட்டைக்காரி கடைசி வரை நன்றாக இருந்தாள். ஓட்டலே திறந்துவிட்டாள். எனக்கு மிகவும் பிடித்திருந்த பச்சைப் பாவாடைப் பெண்தான் செத்துப்போனாள். என் பக்கத்தில் இருந்தவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப என்னக்கா சொல்லுதீய?"

"அந்த மஞ்சளுக்கு வேற அர்த்தம் இருக்கு."

"காராச்சேவுக்கு ஒரே அர்த்தம்தான். நாளைக்கு வாங்கிட்டு வந்துருங்க."

வாங்கிக்கொண்டு போனேன். இருவருமாகத் தின்றோம்.

அந்த நாட்களில் எனக்கு இந்தப் பைத்தியம் கொஞ்சம் முற்றித்தான் இருந்தது. பார்க்கிற எல்லாவற்றையும் யாரோ எனக்காக எடுத்து வைத்ததுபோல இருக்கும். அலுவலக வாசலில் தினமும் ஒரு ஒற்றைச் செருப்பு கிடந்தால், அது எதையோ சொல்ல வருகிறது என்று தோன்றும். கணவர் ஒரு நாள் வீட்டுக்குள் நுழையும்போதே கையை உயர்த்திச் சொன்னார்: "ஸ்கூட்டர் கண்ணாடி உடைஞ்சதுக்கு என்ன அர்த்தம்னு கேக்காத. ஆட்டோக்காரன் இடிச்சுட்டான். அவ்வளவுதான்." நான் கேட்கத்தான் வாயைத் திறந்திருந்தேன்.

துப்பறியும் படங்களில் மனிதர்கள் எதையாவது ஒளித்து வைக்கிறார்கள், அதனால் அர்த்தம் தேடுவது எளிது. விஞ்ஞானப் படங்கள் வேறு மாதிரி. அவற்றில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. இல்லாத ஓர் உலகத்தைக் காட்டி, இது எந்த உலகம் தெரிகிறதா என்று கேட்கிறார்கள். இறந்துபோன ஒருவரின் நினைவுகளை இன்னொருவர் மூளைக்குள் வைத்துவிடுகிற ஒரு படம் பார்த்தோம். பாதி அவர், பாதி இவர். கதாநாயகன் கண்ணாடி முன்னால் நின்று குழம்பிக் குழம்பி அழுதான். எங்கள் ஊர்க் கோயிலில் பாதி சிவனும் பாதி பெருமாளுமாக ஒரே உடம்பில் நிற்கிறவரைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, இவன் ஏன் இதற்குப் போய் இவ்வளவு அழுகிறான் என்றுதான் இருந்தது. அவளிடம் சொன்னேன். "எங்களுக்கும் அப்படித்தான்க்கா" என்றாள். "கல்யாணம் கட்டுனாலே பாதி மண்டை மாமியாருக்குப் போயிருது." அவள் அறியாமலே அர்த்தம் சொல்லிவிட்டாள் என்று சுட்டிக்காட்டினேன். அது அர்த்தம் இல்லையாம், பேச்சாம்.

அதற்கு அடுத்துதான் அந்தக் கப்பல் படம்.

வெகுதூரத்திலுள்ள ஒரு கோளுக்கு ஏழு பேர் போகிறார்கள். எல்லோரும் கண்ணாடிப் பெட்டிக்குள் உறங்குகிறார்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் எழுந்து, இரண்டு வருடம் தனியாகக் கப்பலைப் பார்த்துக்கொண்டு, பிறகு உறங்கப் போக வேண்டும். அதன் பிறகே அடுத்தவர் விழிப்பார். ஒருவர் முகத்தை ஒருவர் விழித்தபடி பார்ப்பதே இல்லை. குறிப்புகளை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். மூன்றாவது விளக்கு மினுக்குகிறது, கவனிக்கவும். செடிக்குத் தண்ணீர் குறைவாக விடவும். எழுந்து வருகிறவர் முதல் வேலையாக, முன்னவர் குடித்துவிட்டு வைத்திருக்கும் குவளையைக் கழுவுகிறார்.

இரண்டாம் நாளே நான் ஆரம்பித்துவிட்டேன். "இது எங்க ஆபீஸ்ட்டி. ஒரு அதிகாரி வருவாரு. கோப்புல 'பேசுக'ன்னு எழுதுவாரு. பேசுறதுக்குள்ள மாறுதல் வந்துரும். அடுத்தவரு வந்து அதுக்குக் கீழயே இன்னொரு 'பேசுக' போடுவாரு. யாரும் யாரோடயும் பேசுனதே கிடையாது."

வழக்கமாகச் சிரிப்பாள். அன்று உம் என்று மட்டும் சொன்னாள். மேகம் மூடி வெயில் மங்கலாக இருந்த நாள் அது. போன் திரை நன்றாகத் தெரிந்தது.

ஐந்தாவதாக விழிக்கிறவர் ஒரு நடுவயது ஆள். தன் இரண்டு வருடம் முடிகிற நேரத்தில் அவர் விதியை மீறுகிறார். உறங்கப் போகாமல் ஒரு நாள் கூடுதலாக விழித்திருக்கிறார். ஆறாவது பெட்டி திறந்து ஒரு பெண் கண் விழிக்கிறாள். முன்னால் ஒரு மனித முகம். இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். என்ன பேசுவதென்று தெரியவில்லை. 'மூன்றாவது விளக்கு இன்னும் மினுக்குகிறதா?' என்று அவள் கேட்கிறாள். 'ஆமாம்' என்கிறார். அந்த ஒரு நாள் முடிந்து அவர் பெட்டிக்குள் படுத்துக்கொள்கிறார்.

என் காதிலிருந்த வயர் இழுபட்டது. அவள் தன் முனையைக் கழற்றி என் மடியில் வைத்திருந்தாள். அவள் நிறுத்தம் வர இன்னும் தூரம் இருந்தது. எழுந்து போய்ப் படிக்கட்டுக்கு அருகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை அவள் பேருந்தில் இல்லை. மறுநாள் காலை இருந்தாள், ஆனால் முன்னால் வேறு இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று யோசித்து யோசித்துக் கோப்பில் தேதியை மாற்றிப் போட்டேன். மூன்றாம் நாள் நானே போய் அவள் அருகில் உட்கார்ந்தேன். படம் எடுக்கவில்லை. சும்மா இருந்தேன். ஊரைத் தாண்டிய பிறகு அவளே பேசினாள்.

"அது உங்க ஆபீஸ் இல்லக்கா. எங்க வீடு."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"அங்க சவூதில அவுக வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்து சாப்பிட்டுப் போனை எடுக்கும்போது நான் தூங்கியிருப்பேன். வாய்ஸ் அனுப்பிட்டுப் படுத்துருவாக. நான் காலைல எந்திச்சுக் கேப்பேன். மோட்டார் சத்தம் போடுதுன்னியே, பாத்தியா. உம்மாக்கு மாத்திரை தீந்துட்டா. பிள்ளைக்குப் பல்லு எப்படி இருக்கு. நான் பதில் அனுப்புவேன். அப்ப அவுக தூங்கிட்டு இருப்பாக. பதினோரு வருசமா இப்படித்தான் வீடு நடக்கு. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா நாப்பது நாளு வருவாக. அந்த நாப்பது நாளும் அந்த டீ குடிக்குத மாதிரிதான்க்கா. மோட்டார் இன்னும் சத்தம் போடுதான்னு கேப்பாக. ஆமான்னு சொல்லுவேன்."

அவள் அழவில்லை. ஆச்சரியப்பட்டவளைப்போலப் பேசினாள். "வெறும் கதைன்னு உங்ககிட்ட அத்தன தடவ சொன்னேன். அந்தப் பொம்பள விளக்கைப் பத்திக் கேட்டதும் எனக்கு நெஞ்சுக்குள்ள பிடிச்சுக்கிட்டு. என் வீட்டுக்குள்ள வந்து எவன் பாத்துட்டுப் போனான்னு இருந்துச்சு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதுவரை அர்த்தம் என்பது நான் கெட்டிக்காரி என்று காட்ட ஒரு வழியாக இருந்தது. தண்ணீர், மஞ்சள், கோப்பு எல்லாம் வெளியே நின்றுகொண்டு நான் போட்ட கணக்குகள். இவள் ஒன்றும் தேடவில்லை. அது தானாக வந்து இவளைப் பிடித்தது. இதை அவளிடம் சொல்லவில்லை. "மிச்சப் படத்தையும் பாப்பமா?" என்று மட்டும் கேட்டேன்.

பார்த்தோம். முடிவில் கப்பல் போய்ச் சேர்ந்து, ஏழு பெட்டிகளும் ஒன்றாகத் திறக்கின்றன. ஏழு பேரும் ஒருவரையொருவர் அந்நியர்களைப்போலப் பார்க்கிறார்கள். அங்கே படம் முடிந்துவிடுகிறது.

"இந்தப் படத்தை அவுகளுக்கு அனுப்பட்டாக்கா?" என்று கேட்டாள்.

அனுப்பினாள். அவர் பார்த்து முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. பிறகு ஒரு வாய்ஸ் வந்தது. அதை எனக்கும் போட்டுக் காட்டினாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "நீங்க கேக்கணும்க்கா" என்று வயரைக் காதில் திணித்தாள். கரகரப்பான குரல். பின்னால் ஃபேன் ஓடும் சத்தம். "படம் பாத்தேன். நல்லாருக்கு. அந்தச் செடி ஏழு பேர் கைக்கும் மாறி மாறிப் போயும் சாகல பாத்தியா. நம்ம பிள்ளைய நீ ஒத்தைல வளத்துட்ட. நான் குறிப்பு மட்டும் எழுதிட்டு இருக்கேன்." கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் ஓடியது. "அந்த மோட்டாரை மாத்திரு."

அந்த வருடமே அவர் முடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு படத்தைப் பார்த்து ஒரு மனிதர் வேலையை விட்டார் என்று சொன்னால் நானே நம்ப மாட்டேன். அவருடைய ஒப்பந்தமும் முடிகிற நேரம், முதுகுவலி வேறு. ஆனால் புதுப்பிப்பதா வேண்டாமா என்று அவர் கேட்டபோது, இவள் வழக்கம்போல 'உங்க இஷ்டம்' என்று அனுப்பாமல், 'வந்துருங்க' என்று அனுப்பினாள். அந்த ஒரு சொல்லுக்குப் படம் உதவியது என்று அவளே சொல்கிறாள். இப்போது ராஜபாளையம் சாலையில் ஏசி, ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். கடை ஓடுகிறது.

அவர் வந்த புதிதில் பேருந்தில் தினமும் அவளிடம் கதை கேட்பேன். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருக்கோம்க்கா. பழக்கமே இல்ல. உப்பு எங்க இருக்கு, துண்டு எங்க இருக்குன்னு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா கேக்காக. ஒரு நாளு சண்டை போட்டுட்டு, அடுத்த ரூம்ல இருந்துக்கிட்டே வாய்ஸ் அனுப்புதாக!" சொல்லிவிட்டு வெடித்துச் சிரிப்பாள்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடம் கழித்து, எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். இளையரசனேந்தல் பக்கத்து இளைஞர் ஒருவர் கையில் இருந்ததை எல்லாம் போட்டு ஒரு துப்பறியும் படம் எடுத்திருந்தார். கரிசல் காட்டு ஊரில் காணாமல் போன அண்ணனைத் தம்பி தேடுகிற கதை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் திரை கட்டிப் படத்தைப் போட்டு, முடிந்ததும் யாராவது நாலு வார்த்தை பேச வேண்டும். நான் பேருந்தில் படம் பார்க்கிறவள் என்பது எப்படியோ பரவியிருந்தது. எனக்கு மேடை பழக்கமில்லை. முடியாது என்றேன். பேருந்துத் தோழிதான் சம்மதிக்க வைத்தாள். ஒரு வாரம் முன்பே படத்தின் நகலை அனுப்பியிருந்தார்கள். வழக்கம்போல நான்கு பயணங்களில் அதைப் பார்த்து முடித்தேன்.

அன்று நாற்பது பேர் இருந்திருப்பார்கள். தோழி, அவள் கணவர், மகள் மூவரும் மூன்றாவது வரிசையில். என் கணவர் கடைசி வரிசையில், சுவரோரமாக. தூங்குவதற்கு வசதியான இடம்.

நான் பேசியது நீலக் குடத்தைப் பற்றி. படத்தில் ஐந்து இடங்களில் ஒரு நீல பிளாஸ்டிக் குடம் வருகிறது. அண்ணன் வீட்டு வாசலில், டீக்கடையில், கிணற்றடியில், காவல் நிலையத்தின் மூலையில், கடைசியாக வெறும் காட்டில். மழையை நம்பிய மானாவாரிக் காட்டில் வாழ்கிறவர்களுக்குத் தண்ணீர்தான் எதிர்பார்ப்பு. அந்தக் குடம் அண்ணனுக்காகக் காத்திருக்கிற வீட்டைத் தம்பி போகிற இடமெல்லாம் கூடவே கொண்டுபோகிறது. கடைசிக் காட்சியில் அது கவிழ்ந்து கிடக்கும்போது, அண்ணன் இனி வரமாட்டான் என்று யாரும் சொல்லாமலே நமக்குத் தெரிந்துவிடுகிறது. இப்படிச் சொல்லி முடித்தேன். நன்றாகவே பேசிவிட்டேன் என்று நினைக்கிறேன். கை தட்டினார்கள்.

இயக்குநர் எழுந்தார். மெலிந்த இளைஞர், முப்பது வயதிருக்கும். நெளிந்தார்.

"அக்கா ரொம்ப நல்லாப் பேசுனாங்க. ஆனா உண்மையச் சொல்லணும்லா. எங்ககிட்ட ஒரே ஒரு குடம்தான் இருந்துச்சு. யூனிட் ஆளுங்க குடிக்கத் தண்ணி கொண்டுபோற குடம். போற இடமெல்லாம் கூடவே வந்துச்சு. எடுத்து ஓரமா வைக்க மறந்து மறந்து எல்லா ஷாட்லயும் விழுந்துட்டு."

மண்டபமே சிரித்தது. முன் வரிசையில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். "அதுக்குத்தான் சொல்லுதேன், எல்லாத்துக்கும் அர்த்தம் தேடப்படாது" என்றார். யாரும் என்னைக் கேவலப்படுத்திச் சிரிக்கவில்லை. அந்த இயக்குநர்கூடத் தன்னைத்தான் கிண்டல் செய்துகொண்டார். ஆனாலும் நான்கு பயணங்கள், அதற்கு முன் பார்த்த அத்தனை படங்கள், எல்லாம் யூனிட் குடித்த தண்ணீர்தானா என்று ஒரு நொடி தோன்றியது. உட்கார்ந்துவிடலாம் என்று நாற்காலியைத் தேடினேன்.

மூன்றாவது வரிசையில் தோழி எழுந்து நின்றிருந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லலாமா அண்ணாச்சி?" என்று அந்த ஆசிரியரைப் பார்த்துக் கேட்டாள். "நான் ரத்தம் பாக்குத வேலை செய்யுதேன். ரத்தம் கொடுக்க வாரவங்களுக்கு அதுல என்ன இருக்குன்னு தெரியாது. எனக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேம்பாக. பொய் சொல்லல. அவுகளுக்குத் தெரியாது. நான் சோதிச்சுப் பாத்துச் சொல்லுதேன், சுகர் இருக்கு, ரத்தம் கம்மியா இருக்குன்னு. நானும் பொய் சொல்லல. நான் அதை உள்ள வைக்கவும் இல்ல. தம்பி குடத்தை மறந்து வச்சிருக்கலாம். அதுக்காக அக்கா பாத்தது இல்லாம போயிருமா?"

ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படின்னா நீ ரிப்போர்ட்டு தப்பாக் கொடுத்ததே இல்லையாம்மா?"

"கொடுத்திருக்கேன் அண்ணாச்சி. திரும்ப ஒருக்கா ரத்தம் எடுத்துப் பாப்போம். அக்காவும் தப்பாச் சொல்லியிருக்காக. ஒரு மஞ்சச் சட்டை விசயத்துல எனக்குக் காராச்சேவு வாங்கிக் கொடுத்தாக."

மண்டபம் மறுபடி சிரித்தது, இப்போது நானும் சேர்ந்து சிரித்தேன்.

இயக்குநர் மட்டும் நின்றபடியே எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "ஒரு நிமிசம்" என்றார். "கடைசி ஷாட்டுல குடம் நேராத்தான் இருந்துச்சு. எடுக்கிறதுக்கு முன்னாடி நான்தான் போய் அதைக் கவுத்துட்டு வந்தேன். கேமராமேன்கூட எதுக்குண்ணேன்னு கேட்டாரு. சும்மா, உறுத்துதுன்னு சொன்னேன்." தலையைச் சொறிந்துகொண்டார். "ஏன் உறுத்துச்சுன்னு இப்பத்தான் யோசிக்கேன்."

கூட்டம் முடிந்து வெளியே டீ கொடுத்தார்கள். அந்த இயக்குநர் என் அருகில் வந்து நின்று, அடுத்த கதையைச் சொன்னார். பாதியில் நிறுத்தி, "அடுத்த படத்துல ஒரு சேரை எடுத்துப் போடக்கூட பயமா இருக்கும்க்கா" என்றார். எடுத்துப் போடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். இப்போது மாதத்துக்கு ஒரு ஞாயிறு அதே மண்டபத்தில் படம் போட்டுப் பேசுகிறோம். சில நாள் முப்பது பேர், சில நாள் எட்டுப் பேர். அந்த ஆசிரியர் ஒரு மாதமும் தவறுவதில்லை. எல்லாவற்றையும் மறுத்துப் பேசுவார், அவர் இல்லாவிட்டால் கூட்டம் சப்பென்று ஆகிவிடும்.

அன்று தோழியின் குடும்பத்தை அனுப்பிவிட்டுக் கணவரோடு ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பினேன். சாயங்கால வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. பூ மார்க்கெட் பக்கம் கூட்டமாக இருந்ததால் மெதுவாக ஓட்டினார். நான் மேடையில் பேசியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூங்கியிருப்பார், என்னத்தைச் சொல்லப் போகிறார் என்று நானும் கேட்கவில்லை.

சாலை காலியானதும் தலையை லேசாகத் திருப்பினார்.

"ஏட்டி, ஒண்ணு கேக்கட்டா? அந்தப் படத்துல ஒரு செவலை நாய் மூணு தடவ வந்துச்சே. தம்பிக்காரன் பொய் சொல்லும்போதெல்லாம் அது எந்திச்சு வேற பக்கம் போகுது. அது என்ன அர்த்தம்?"

நான் அந்த நாயைப் பார்க்கவே இல்லை. நான்கு பயணங்களில் ஒரு தடவைகூட.

"நீங்க தூங்கலையா?"

"எங்க தூங்க? நீ மேடை ஏறப் போறேன்னு எனக்குப் படபடன்னு இருந்துச்சு. நாயைச் சொல்லு."

தெரியவில்லை என்றேன். அவருக்கு அது நம்ப முடியவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் என் போனை வாங்கினார். இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து, வலது காது எனக்கு, இடது காது அவருக்கு என்று மாட்டிக்கொண்டு, நாய் வருகிற இடத்தைத் தேடிப் படத்தை முதலிலிருந்து ஓடவிட்டோம்.